காணாமல் போன மூன்று வரிகள்: ஒரு காரின் எம்.ஓ.டி. வரலாற்றைப் படிக்கும் முறை

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் செவிலியர் வேலைக்காக இங்கிலாந்து வந்தேன். இப்போது கணவரும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இரவுப் பணி முடிந்து அதிகாலையில் வீடு திரும்ப பஸ் கிடைப்பதில்லை என்பதால் ஒரு பழைய கார் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். மருத்துவமனை வீட்டிலிருந்து நான்கு மைல் தூரம்தான். நாங்கள் பார்த்திருப்பது 2015 ஏப்ரலில் பதிவான டீசல் கார். 84,000 மைல் ஓடியிருக்கிறது. விலை 4,200 பவுண்டு. “போன வாரம்தான் எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனையை முடித்தேன், ஒரு குறையும் எழுதவில்லை, இன்னும் ஒரு வருடத்துக்கு உங்களுக்குக் கவலையே இல்லை” என்கிறார் விற்பவர். தோழி சொன்னதைக் கேட்டு அரசு இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். 2022இல் ‘தோல்வி’ என்றும், அதன் கீழே ‘அபாயகரமானது’ என்றும் இருந்தது. பயந்துவிட்டேன். கணவரோ, “அது பழைய கதை, இப்போது சுத்தமாகத் தேறியிருக்கிறதே” என்கிறார். யார் சொல்வது சரி? சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முழுப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தீர்களே, அதற்காக முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிக்கொள்கிறேன். கராஜில் என்னிடம் வருகிறவர்களில் பலர், வாங்கிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதையே அறிந்துகொள்கிறார்கள். பதிவெண்ணைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை, காசும் கிடையாது, 2005 முதல் நடந்த சோதனைகள் அதில் கிடைக்கின்றன.

ஆனால் நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கொரு தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2022இல் வந்த தோல்வி உங்களைப் பயமுறுத்துகிறது. கடைசியாக வந்த தேர்ச்சி அவருக்குத் தைரியம் தருகிறது. எனக்கு அந்தத் தோல்வியால் கவலை இல்லை. அந்தச் சுத்தமான தேர்ச்சிதான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

நீங்கள் அனுப்பியதை மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் முதல் சோதனை, 31,204 மைல், தேர்ச்சி. 2019 ஏப்ரலில் 42,870 மைல், தேர்ச்சி, முன் டயர்களின் ஓரம் தேய்ந்திருப்பதாக ஒரு குறிப்பு. அடுத்தது 2020 செப்டம்பர், 57,655 மைல், தேர்ச்சி. 2021 செப்டம்பரில் 64,018 மைல், தேர்ச்சி. ஆனால் சக்கர அமைப்பைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமில், பின்பக்கம் துரு, எஞ்சினில் லேசான எண்ணெய்க் கசிவு என்று குறிப்புகள். 2022 செப்டம்பர் 12ஆம் தேதி 73,940 மைலில் தோல்வி, 14ஆம் தேதி தேர்ச்சி. துருவும் கசிவும் அப்படியே, கூடவே ‘பின் பிரேக் குழாய் லேசாகத் துருப்பிடித்துள்ளது’ என்று ஒரு புதுக் குறிப்பு. 2023 செப்டம்பரில் 82,506 மைல், தேர்ச்சி. சப்ஃபிரேம் துரு, எண்ணெய்க் கசிவு, அவற்றோடு ‘பிரேக் குழாய் துருப்பிடித்துள்ளது, கிரீஸ் அல்லது வேறு பொருளால் மூடப்பட்டுள்ளது’. அதன் பின் ஒன்றரை ஆண்டு எதுவுமில்லை. கடைசியாக 2025 மார்ச், 84,112 மைல், தேர்ச்சி, ஒரு குறிப்புகூடக் கிடையாது.

இதைப் படிப்பதற்கு முன், எம்.ஓ.டி. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வது நல்லது. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் அது. 1960இல் தொடங்கியபோது பத்து ஆண்டு ஆன வண்டிகளுக்கு மட்டும் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைப் பார்க்கும் சோதனையாக இருந்தது. 1967 முதல் மூன்று ஆண்டு ஆன கார்களுக்கே கட்டாயமாயிற்று. அன்று முதல் இன்று வரை அதன் நோக்கம் ஒன்றுதான்: இந்த வண்டி இன்று சாலையில் போவதற்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நிலையில் இருக்கிறதா? டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. 1.7 இருந்தால் தேர்ச்சி. அடுத்த மாதம் அது 1.5 ஆகிவிட்டால் அதற்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பாகாது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை சோதனையில் வராது. வண்டியின் எந்தப் பாகத்தையும் பரிசோதகர் கழற்றிப் பார்ப்பதும் இல்லை. அடியில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதற்கு மேலே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, “ஒரு வருடத்துக்குக் கவலையே இல்லை” என்று விற்பவர் சொன்னது எம்.ஓ.டி. கொடுக்காத உத்தரவாதம்.

இப்போது உங்களைப் பயமுறுத்திய 2022க்கு வருகிறேன். 2018 மே 20 முதல் குறைகளை அபாயகரமானவை, பெரியவை, சிறியவை என்று பிரித்து எழுதுகிறோம். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் தோல்வி. அபாயகரமானது என்று எழுதிவிட்டால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டவே கூடாது. சொல் கடுமையானது, ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: முன் வலப்பக்க டயரின் பள்ளம் சட்ட அளவுக்குக் குறைவு. பெரிய குறை என்ற தலைப்பில், பின் இடப்பக்கச் சுருள்வில் உடைந்திருக்கிறது. டயர் தேய்கிற பொருள். பள்ளம் மேடு நிறைந்த சாலைகளில் ஓடும் வண்டிக்குச் சுருள்வில் உடைவதும் சாதாரணம். இரண்டையும் இரண்டே நாளில் மாற்றி, மறு சோதனையில் தேறியிருக்கிறார்கள். தவறு கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது, சரிசெய்ததற்கு அரசுப் பதிவே சாட்சி. பழைய காரில் இதைவிட நல்ல செய்தி கிடைப்பது அரிது. சில பட்டியல்களில் ஒரே நாளில் தோல்வியும் தேர்ச்சியும் அடுத்தடுத்து வரும். எரியாத விளக்கு, கிழிந்த வைப்பர் போன்றவற்றை அந்த இடத்திலேயே மாற்றிவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

தோல்வியைப் பார்த்து ஓடிவிடுகிறவர்கள், தேர்ச்சிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படிப்பதில்லை. அட்வைசரி என்று நாங்கள் சொல்லும் அந்தக் குறிப்புகளில்தான் வண்டியின் உண்மையான வரலாறு இருக்கிறது. இன்று தோற்கவில்லை, ஆனால் இதைக் கவனியுங்கள் என்று பரிசோதகர் உரிமையாளருக்கு எழுதி வைக்கும் வரிகள் அவை. ஒரு வரியைத் தனியாகப் படிக்காதீர்கள், ஆண்டு ஆண்டாக அதைத் தொடர்ந்து பாருங்கள். முன் டயர் ஓரம் தேய்ந்திருக்கிறது என்று 2019இல் எழுதினார்கள்; 2020இல் அந்த வரி இல்லை. டயர் மாற்றியிருப்பார்கள், விஷயம் முடிந்தது. துருவோ வேறு மாதிரி. அது 2021இல் வந்தது, 2022இல் இருந்தது, 2023இலும் இருந்தது. இடையில் யாரும் அதற்கு எதுவும் செய்யவில்லை. எண்ணெய்க் கசிவும் அப்படியே மூன்று ஆண்டு. எழுதிக் கொடுத்ததைப் படித்து, தேறிவிட்டதே என்று மடித்து வைத்துவிட்ட ஒருவரிடம் இந்த வண்டி இருந்திருக்கிறது. எண்ணெய் மாற்றுவதை, டைமிங் பெல்ட் மாற்றுவதை எம்.ஓ.டி. கேட்பதில்லை, ஆனால் கேட்ட வேலையையே செய்யாதவர் கேட்காத வேலையைச் செய்திருப்பாரா என்ற சந்தேகம் நியாயமானது. எனவே சர்வீஸ் ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் குழாய். 2022இல் ‘லேசாக’ என்று எழுதியிருந்தார்கள். 2023இல் அந்த ‘லேசாக’ போய்விட்டது. அதற்குப் பதிலாக, கிரீஸால் மூடப்பட்டுள்ளது என்று வந்திருக்கிறது. பரிசோதகர் அந்த வரியை எழுதுகிறார் என்றால், குழாயின் மேல் ஏதோ பூசியிருப்பதால் துரு எவ்வளவு ஆழம் என்று தன்னால் பார்க்க முடியவில்லை என்று சொல்கிறார். துருவின் வேகத்தைக் குறைக்க நல்லெண்ணத்தோடு கிரீஸ் பூசுகிறவர்களும் உண்டு. துருவை மறைக்கப் பூசுகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது ஏற்படும் முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்பது அந்த மெல்லிய இரும்புக் குழாய். சாதாரண நாட்களில் தாங்கும். திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி, நீங்கள் முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில்தான் அது வெடிக்கும். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பிறகு 2025 வருகிறது. சப்ஃபிரேம் துரு, எண்ணெய்க் கசிவு, பிரேக் குழாய் ஆகிய மூன்று வரிகளும் ஒரே சமயத்தில் மறைந்துவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் புதிதாக வாங்கிய காரை என்னிடம் கொண்டுவந்தார். வாங்கி ஒன்பது நாள். ஏதோ சத்தம் வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சுத்தமான எம்.ஓ.டி. என்று பெருமையாகச் சொன்னார். லிஃப்டில் ஏற்றினேன். அடிப்பாகம் முழுவதும் அண்டர்சீல் என்னும் கறுப்புத் துருத் தடுப்புப் பூச்சு, புதுப் பெயிண்ட் மாதிரி பளபளவென்று இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தார் வாசனைகூட மாறவில்லை. பக்கவாட்டுச் சட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிஸ்கட்டைப் போல உள்ளே போனது. அந்த வண்டியின் வரலாற்றை அவருக்கு எதிரிலேயே எடுத்துப் பார்த்தோம். அதே இடத்தைக் குறிப்பிட்டு மூன்று ஆண்டு தொடர்ந்து துரு என்று எழுதியிருந்தது. நான்காம் ஆண்டு ஒன்றும் இல்லை. வெல்டிங் செய்ய ஆகும் தொகையைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பட்டியலை வாங்குவதற்கு முன் படித்திருந்தால் அவருக்கு ஆகியிருக்கும் செலவு ஐந்து நிமிடம்.

உங்கள் காரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. வரிகள் மறைவதற்கு நேர்மையான காரணமும் இருக்கலாம். விற்பதற்கு முன் உண்மையிலேயே எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். அப்படியானால் ரசீது இருக்கும். பிரேக் குழாய் மாற்றுவது பெரிய வேலை, அதைச் செய்தவர் ரசீதைத் தூக்கிப் போடமாட்டார். அல்லது, அட்வைசரி எழுதுவது பரிசோதகரின் விருப்பத்துக்கு விடப்பட்டது என்பதால், இம்முறை சோதித்தவர் சுருக்கமாக முடிக்கிறவராக இருக்கலாம். அல்லது, அந்த இளைஞரின் காரில் நடந்தது நடந்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று காகிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. லிஃப்டில் ஏற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து மைல் கணக்கு. பலர் எண் கூடிக்கொண்டே போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கூடும் வேகத்தைப் பாருங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சோதனையே இல்லாததால், அந்தக் காலத்தில் மீட்டரைக் குறைத்தால் எந்தப் பதிவும் காட்டிக் கொடுக்காது. நெடுஞ்சாலையில் ஓடித் தேய்ந்த கார்கள் முதல் எம்.ஓ.டி.க்குச் சற்று முன்பு ‘இளமை’ திரும்பப் பெறுவது இப்படித்தான். உங்கள் காரில் அந்தப் பயம் இல்லை. முதல் மூன்று ஆண்டில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம், நான்காம் ஆண்டில் பதினோராயிரத்துச் சொச்சம், கணக்கு ஒத்துப்போகிறது. 2019 ஏப்ரலுக்கும் 2020 செப்டம்பருக்கும் இடையே பதினேழு மாத இடைவெளி இருப்பதும் குற்றமில்லை: கோவிட் காலத்தில், 2020 மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை முடிய வேண்டிய எம்.ஓ.டி.களுக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு இப்படி இடைவெளி விழுந்த கார்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அதன் பிறகு மைல் குறைந்ததும் இயல்பு, எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம்.

ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து 2025 மார்ச் வரை பதினெட்டு மாதத்தில் 1,606 மைல் என்பது என்னை உறுத்துகிறது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு வேகத்தில் ஓடியிருந்தால் இன்று மீட்டர் 95,000ஐத் தாண்டியிருக்க வேண்டும். வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றிருக்கலாம்: உரிமையாளருக்கு உடல்நலம் சரியில்லாமல் போயிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம். ஆனால் மீட்டரைத் திருத்துகிறவர்களுக்கும் இந்தப் பொதுப் பட்டியல் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். கடைசிப் பதிவான 82,506க்குக் கீழே அவர்கள் போகவே மாட்டார்கள். போனால் உடனே அகப்பட்டுவிடுவார்கள். அதற்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். சரியாக அந்த இடத்தில் உங்கள் எண் நிற்கிறது. உண்மையும் அங்கேயே நிற்கக் கூடும் என்பதால் இதை வைத்து யார்மீதும் குற்றம் சாட்ட முடியாது. கேள்வி கேட்க முடியும்.

2024 செப்டம்பரில் எம்.ஓ.டி. முடிந்து, அடுத்த ஆறு மாதம் சான்றிதழே இல்லாமல் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். வரியோ காப்பீடோ இல்லாமல் நிறுத்தி வைத்திருந்தால், வண்டி சாலையில் ஓடவில்லை என்று அரசுக்குத் தெரிவிக்கும் சோர்ன் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அதற்கான உறுதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதத்துக்கு உரிய குற்றம், எனவே அப்படி ஓட்டியவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதற்குத்தான் டயரைப் பார்க்கச் சொல்கிறேன். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3422 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. 2022 செப்டம்பரில் மாற்றிய முன் டயர் இப்போதும் இருந்தால் இதையொட்டிய எண்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2024இல் செய்த டயர் பாதி தேய்ந்து நின்றால், 1,606 மைலில் டயர் அப்படித் தேயாது. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவையும் மீட்டரைப் போலவே கணக்குச் சொல்லும். அவற்றைத் திருத்த யாரும் மெனக்கெடுவதில்லை.

உண்மையிலேயே நின்றிருந்த வண்டி என்றாலும் அது கொண்டாட்டத்துக்குரிய செய்தியல்ல. நிற்கிற வண்டிக்கும் வயதாகும்: பிரேக் தட்டு துருவேறும், டயர் ஒரே பக்கம் அமுங்கி இறுகும், பாட்டரி போகும்.

வி5சி என்னும் லாக்புக்கை, அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தை, நேரில் பார்க்காமல் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் பெயரும் முகவரியும் நீங்கள் நின்றுகொண்டிருக்கும் வீட்டோடு பொருந்த வேண்டும். முன்கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண் லாக்புக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வண்டியைத் தன் பெயரில் பதியாமலே வாங்கி விற்கும் வியாபாரிகள் தனியார் விற்பனை போல நடிப்பதுண்டு. இதில் சட்டப்படியும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வண்டியில் குறை இருந்தால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. அவர் சொன்னபடி வண்டி இருக்கிறதா என்பதற்கு மேல் அதிகம் கேட்க முடியாது. ஆகவே அவர் சொல்வதை எழுத்தில் வாங்குவது முக்கியம். லாக்புக்கில் பதினொரு இலக்க ஆவண எண் ஒன்று உண்டு. அதை அரசு இணையதளத்தில் கொடுத்தால் ஒவ்வொரு சோதனையும் எந்த ஊரில், எந்த கராஜில் நடந்தது என்பதும் தெரியும். பல ஆண்டு ஒரே வட்டாரத்தில் சோதித்த வண்டி கடைசியாக மட்டும் நூறு மைல் தள்ளிப் போயிருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எம்.ஓ.டி. வரலாறு எவ்வளவு படித்தாலும் சொல்லாத விஷயங்களும் உண்டு. வண்டியின் பேரில் கடன் நிலுவை இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் சிக்கிக் காப்பீட்டு நிறுவனம் கைவிட்டதா என்பதெல்லாம் அதில் வராது. அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டி விவரம் எடுக்க வேண்டும். அதில் விபத்துச் சேத வகை எஸ் என்று வந்தால் சட்டகத்துக்கே சேதம் ஏற்பட்டுப் பழுதுபார்த்தது, என் என்று வந்தால் சட்டகம் தவிர்த்த சேதம். நான்காயிரம் பவுண்டு கொடுக்கிற இடத்தில் அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்த வேண்டாம். உற்பத்தியாளர் திரும்ப அழைத்த ரீகால் வேலை ஏதாவது செய்யப்படாமல் கிடக்கிறதா என்பதையும் அரசு இணையதளத்தில் பாருங்கள். இருந்தால் முகவரிடம் இலவசமாகவே செய்து தருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. தினமும் நான்கு மைல் போய்வர டீசல் கார் வேண்டாம். 2015 காரின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓடிச் சூடாக வேண்டும். நான்கு மைலில் எஞ்சின் சூடேறுவதற்குள் மருத்துவமனை வந்துவிடும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெரும் செலவு. அதைவிட இன்னொன்று: இந்தக் கார் 2015 ஏப்ரலில் பதிவானது. புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் யூரோ 6 என்னும் புகைத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பரில்தான் வந்தது. ஆகவே இது யூரோ 5 ஆகவும் இருக்கலாம். அப்படி இருந்தால், 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரம் முழுவதற்கும் விரிந்துவிட்ட புகைக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் போகும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். லண்டனில் சொந்தபந்தம் இருந்தால் இதை மனதில் வையுங்கள். அதே விலையில் ஒரு சின்ன பெட்ரோல் கார், ஆண்டுதோறும் குறிப்புகள் எழுதப்பட்டு அடுத்த ஆண்டே அவை தீர்க்கப்பட்ட வரலாற்றோடு கிடைத்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். மைல் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் காரிலேயே மனம் ஒட்டிவிட்டது என்றால், இன்றே விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மரியாதையாக, மூன்றே கேள்வி: 2023இல் எழுதிய பிரேக் குழாய், சப்ஃபிரேம், எண்ணெய்க் கசிவு மூன்றுக்கும் என்ன வேலை செய்தீர்கள், ரசீது இருக்கிறதா? 2024 செப்டம்பர் முதல் 2025 மார்ச் வரை வண்டி எங்கே இருந்தது? சனிக்கிழமை காலை நாங்கள் சொல்லும் ஒரு கராஜில் அரை மணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதமா? செலவை நாங்களே ஏற்கிறோம் என்று சேர்த்து எழுதுங்கள். புதிதாக இன்னொரு எம்.ஓ.டி. எடுக்கச் சொன்னால் அவர் தயங்கலாம், தோற்றால் அது பொதுப் பதிவில் ஏறிவிடும். அந்தத் தயக்கத்தை நான் புரிந்துகொள்வேன். லிஃப்டில் வெறுமனே பார்ப்பது எந்தப் பதிவிலும் ஏறாது. அதற்கும் மறுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள். வேறு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னால், அவர்களுக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக்கோடு நீங்களும் கீழே போய் நில்லுங்கள், அவரிடமே விட்டுவிடாதீர்கள். அடிப்பாகம் முழுக்க ஒரே சீராகப் புதுக் கறுப்பு பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைவிளக்கை வாங்கி, பின்சக்கரங்களுக்குப் போகும் மெல்லிய குழாயைப் பின்தொடருங்கள். மாற்றியிருந்தால் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த புதுக் குழாய் போட்டிருப்பார்கள். துருப்பிடிக்காது, செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும். அந்த நிறம் தெரிந்தால் விற்பவரைப் பற்றி நான் எழுப்பிய சந்தேகங்களில் பெரியதை எடுத்துவிடலாம். டீசலைப் பற்றி மட்டும் மறுபடி யோசியுங்கள். கிரீஸும் கறுப்பும் தெரிந்தால், ஒரு துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.